ஒண்டுக்குப் பன்னிரண்டு

மல்லாவித் தபாற்கந்தோர் வாசலில் முதல் இருந்த சாய்தளம்
நான் கட்டினது. அருளப்பு மேசன்.
பெயரை ஒளிச்சு என்ன செய்ய?

வெள்ளம் ஏறுமெண்டு உயர்த்தின கட்டடம்.
நிலத்திலிருந்து வாசலுக்கு இரண்டரை அடி.
ஒரு அங்குலம் ஏறப் பன்னிரண்டு அங்குலம் ஓட வேணும்,
அதுதான் சட்டம். அப்பிடியெண்டால் முப்பது அடி.
வரைபடத்திலும் முப்பதுதான் கிடந்தது.
முற்றத்தில் கொடிக்கம்பம்,
அதுக்கங்கால பெரியவரின்ர வாகனம் நிற்கிற தகரக் கொட்டில்.
மிஞ்சினது ஒன்பது.
'ஒன்பதுக்குள்ள முடி' எண்டார் கொந்தராத்துக்காரர்.
முடிச்சன்.

கலவையில் நான் களவெடுத்தவன் இல்லை.
ஒண்டுக்கு நாலு எண்டால் ஒண்டுக்கு நாலுதான்.
மணல் அரிச்சு, சாக்குப் போட்டு ஏழு நாள் நனைச்சு,
இரவில் நாய் ஏறாமல் முள்ளுக்கொப்பும் வெட்டிப் போட்டனான்.
அந்தக் கணக்குக்கு நேர்மையாய் இருந்த கைதான்
மற்றக் கணக்குக்குக் கையெழுத்து வைச்சது.

திறப்பு விழாவுக்கு ரிபன் வெட்டினவை, படம் எடுத்தவை.
பிறகு எல்லாரும் படியால ஏறி
உள்ளுக்குப் போய் வடையும் தேத்தண்ணியும்.

இன்பவதி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை,
யோகபுரத்திலிருந்து கிரவல் றோட்டால
தன்ர சில்லைத் தானே உருட்டிக்கொண்டு.
எங்கட பக்கம் காரணம் கேட்கிறதில்லை,
எந்த மாசம் எண்டு மட்டும் கேட்பம்.
நான் அதையும் கேட்கேல்லை.
பக்கச் சுவருக்குப் பூசிக்கொண்டு நிண்டனான்.

அடியில நிண்டு மேல பார்த்தா.
பியோன் ஓடிவந்தான், 'அக்கா, தூக்கிவிடட்டோ?'
'நான் நெல்லு மூட்டையில்லைத் தம்பி.'
சந்தைப் பையிலிருந்து ஒரு தேசிக்காய் எடுத்துக் குடுத்தா,
'இதைக் கொண்டுபோய் மேல வை.'
வைச்சான்.
உருண்டுது. முற்றம் கடந்து, கொடிக்கம்பம் கடந்து,
கேற்றால வெளிக்கிட்டு
றோட்டில போன லாண்ட்மாஸ்டர் சில்லுக்குள்ள நசிஞ்சுது.
'புது வாகனத்துக்குத்தானே இப்பிடிச் செய்யிறது' எண்டா.
சிரிச்சது அவ மட்டும்தான்.

தபாலதிபர் நல்ல மனிசன்.
பேரேடும் முத்திரையும் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கே வந்திட்டார்.
'நீங்கள் ஏறத் தேவையில்லைப் பிள்ளை, நாங்கள் இறங்கி வருவம்.'

'உங்கட அன்பு பெரிசு ஐயா.
உங்களுக்கு மாற்றம் வந்தால் அதுவும் உங்களோட பஸ் ஏறிடும்.
எனக்கு உள்ளுக்கு வரவேணும்.
அந்த ஃபானுக்குக் கீழ, மற்றச் சனம் மாதிரி
வரிசையில இருந்து அலுக்க வேணும்.'

அலுக்கிறதும் ஒரு உரிமையெண்டு
அண்டைக்குத்தான் எனக்குத் தெரியும்.

குடும்ப அட்டையோட பொலித்தீனுக்குள்ள
வர்த்தமானியின்ர போட்டோப் பிரதி வைச்சிருந்தா.
ஒரு வரிக்குக் கீழ சிவப்புக் கோடு.
பிறகு என்னைப் பார்த்து,
'அண்ணை, உங்கட அளவு நாடாவை ஒருக்காத் தாங்கோ.
முனையைப் பிடியுங்கோ.'
பிடிச்சன்.
என்ர குற்றத்தை நானே குனிஞ்சிருந்து அளந்தன்.

ஏழு கடிதம். ஒரு வருசமும் ரெண்டு மாசமும்.
உடைக்கிறதுக்கும் என்னைத்தான் கூப்பிட்டவை.
உடையேல்லை, சனியன்.
நல்ல கலவை எண்டு சொன்னனான் அல்லோ,
சம்மட்டி ரெண்டு நாள் திரும்பித் திரும்பித் துள்ளினது.

இப்ப கொட்டில் பின்னுக்குப் போயிட்டுது.
முப்பது அடி. நடுவில ஒரு திருப்பம்,
மூச்சு வாங்க ஐந்தடிச் சமதளம், ரெண்டு பக்கமும் கைபிடி.
இன்பவதி ஏறி வந்தா. அவசரமில்லை.
திருப்பத்தில நிண்டு
கைபிடியின்ர வெல்டிங்கைத் தடவிப் பார்த்துப் போட்டுத்தான்
மிச்சம் ஏறினா.

வாசலில் சில்லு இறுகி நிண்டுது.
நிலைக்கும் நாற்காலிக்கும் ஒரு விரல்கடை இடிக்குது.

'கதவு என்ர வேலை இல்லைப் பிள்ளை,
அது தச்சன்ர…'
எண்டு வாயெடுத்தன்.
அதுக்கிடையில அவ நாடாவை வாங்கி
நிலைக்குக் குறுக்கால இழுத்திட்டா.
மற்ற முனை என்ர கையில.